பேயா, வீடா? கோதிக் கதைகளையும் தொலைக்காட்சித் திகிலையும் ஆராய்வது பற்றி

மாடவிளக்கு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இது இரண்டாம் ஆண்டு. கோதிக் நாவல்களிலும் (பழைய கோட்டை, பழைய பாவம், பேய் என்று போகும் ஆங்கிலத் திகில் நாவல்கள்) பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் திகில் நிகழ்ச்சிகளிலும் வீடு எப்படி வருகிறது என்பதுதான் என் பொருள். போன வாரம் ஒரு கருத்தரங்கில் முதல் இயலை வாசித்தேன். முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "பேய்க்கதையில் ஆராய என்னம்மா இருக்கிறது? படித்தோம், பயந்தோம், விடிந்ததும் மறந்தோம்" என்றார். சிலர் சிரித்தார்கள். பதில் எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் நாக்கு எழவில்லை. மூன்று நாளாக மனத்துக்குள்ளேயே அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே எழுதிவிடுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

எந்தக் கோதிக் நாவலைத் தோண்டினாலும் அடியில் ஒரு சொத்துத் தகராறு கிடைக்கும். இந்த வகையின் முதல் நாவல் என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் 'ஒட்ராண்டோ கோட்டை' 1764இல் வந்தது. எழுதியவர் ஹொரேஸ் வால்போல், இங்கிலாந்துப் பிரதமராக இருந்தவரின் மகன். கல்யாண நாளன்று மாப்பிள்ளை கான்ராடின் மேல் ஒரு ராட்சதத் தலைக்கவசம் விழுகிறது. நசுங்கிச் சாகிறான். முதல் பக்கங்களிலேயே இது நடந்துவிடுகிறது. இவ்வளவு பெரிய கவசம் ஏன் இந்த நோஞ்சான் பையனின் தலையில் விழ வேண்டும்? அவனுடைய கொள்ளுத்தாத்தா ரிக்கார்டோ, கோட்டையின் உண்மையான உடைமையாளர் அல்ஃபோன்சோவுக்கு நஞ்சு கொடுத்துக் கொன்று, போலி உயில் காட்டிக் கோட்டையை எடுத்துக்கொண்டவர். அல்ஃபோன்சோவின் ஆவி, கொடுத்த கடனை வட்டியும் முதலுமாகக் கேட்க வந்திருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். முதற்பதிப்பில் வால்போல் தன் பெயரைப் போடவில்லை. 1529இல் நேப்பிள்ஸில் அச்சான ஓர் இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று முன்னுரையில் எழுதினார். புத்தகம் விற்றுத் தீர்ந்த பிறகு 1765இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் உண்மையை ஒப்புக்கொண்டார். 'ஒரு கோதிக் கதை' என்ற துணைத்தலைப்பு அப்போது சேர்ந்தது. போலி உயிலைப் பற்றிய கதை, போலி முன்னுரையோடு உலகத்துக்கு வந்தது. இதில் ஆராய ஒன்றுமில்லை என்று ஒருவர் எப்படிச் சொல்கிறார்?

கிறிஸ் பால்டிக் என்ற விமர்சகர் 1992இல் தொகுத்த கோதிக் கதைகளின் முன்னுரையில் ஒரு வரையறை தருகிறார். காலத்தின் வழியாக நம்மேல் வந்து விழும் பரம்பரைச் சுமை பற்றிய அச்சமும், இடத்துக்குள் அடைபட்ட மூச்சுத்திணறலும் சேரும்போது கோதிக் பிறக்கிறது என்பது அதன் சாரம். சுமையும் அடைப்பும் சேரும் இடம் வீடு. இதுதான் என் முதல் இயல்.

புறவாசல்

எனக்கு உடன்பாடு இல்லை. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து வயதில் 'டிராகுலா'வைப் படித்தேன். பிரபு கோட்டைச் சுவரில் தலைகீழாகப் பல்லிபோல் ஊர்ந்து இறங்கும் இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். பிறகு கல்லூரியில் அதே நாவல் பாடமாக வந்தது. ஒரு வகுப்பில் பிரபு மூலதனம் ஆனார். அடுத்த வகுப்பில் கிழக்கிலிருந்து வரும் அந்நியர் மீதான பயம். அதற்கடுத்து அடக்கிவைத்த காமம். தேர்வு வருவதற்குள் அவர் எல்லாமாகவும் ஆகிவிட்டார், ரத்தம் குடிக்கிறவராக மட்டும் இல்லை. ஜன்னலைச் சாத்தியபோது என் கை நடுங்கியதே, அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நீங்கள் மேற்கோள் காட்டும் அதே பால்டிக், ராபர்ட் மைகாலோடு சேர்ந்து 2000இல் ஒரு கட்டுரை எழுதினார். கோதிக் விமர்சனம் வரலாற்றைக் கைவிட்டுவிட்டது, எந்தக் கதையை எடுத்தாலும் அந்தக் காலத்தின் 'பதற்றம்' என்ற ஒரே சாவியைப் போட்டுத் திறக்கிறது என்று அதில் கடிந்துகொள்கிறார்கள். உங்கள் சொத்துத் தகராறும் இன்னொரு சாவிதானே?

ஏட்டுச்சுவடி

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கோதிக் நாவல்களைப் பணிக்காலத்துக்குப் பிறகுதான் படித்தேன். புறவாசல் தம்பி கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் கை நடுங்கியதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது சரியில்லை. ஆன் ராட்கிளிஃப் என்ற அம்மையார் அதைப் பற்றித்தான் பேசினார். 'உடோல்ஃபோவின் மர்மங்கள்' (1794) எழுதியவர். அவர் 1823இல் இறந்தார். 1826இல் வெளியான அவருடைய கட்டுரையில் இரண்டு வழிப்போக்கர்கள் பேசிக்கொண்டு போகிறார்கள். அச்சத்தில் இரண்டு வகை, அவை ஒன்றுக்கொன்று நேரெதிர் என்று அதில் வருகிறது. ஒன்று ஆன்மாவை விரியச் செய்து புலன்களை எழுப்பிவிடும். மற்றது சுருக்கி, உறையவைத்து, கிட்டத்தட்ட அழித்துவிடும். ஆங்கிலத்தில் முதலாவது டெரர், இரண்டாவது ஹாரர். தமிழில் இரண்டையும் 'திகில்' என்று ஒரே குப்பியில் ஊற்றிவைத்திருக்கிறோம்.

நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை எடுத்துப் பாருங்கள். எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது மெய்யில் வெளிப்படும் உணர்ச்சிகளில், அச்சம் வேறு, இளிவரல் என்ற அருவருப்பு வேறு. நோயல் கேரல் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1990இல் எழுதிய நூலில், திகில் கலையின் உணர்ச்சி என்பது அச்சமும் அருவருப்பும் கலந்தது என்கிறார். கதையில் வரும் கொடிய உரு நமக்கு ஆபத்தாகவும் இருக்க வேண்டும், தூய்மை கெட்டதாகவும் இருக்க வேண்டும். உயிரோடும் இல்லாமல் செத்தும் போகாமல், இரண்டு இனத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். நம் கணக்கில் அது அச்சமும் இளிவரலும் சேர்ந்தது. ராட்கிளிஃப் விரும்பியதோ அச்சமும் மருட்கையும், அதாவது வியப்பும், சேர்ந்தது. இப்படி வைத்துப் பார்த்தால் அவர் பிரித்த கோடு எனக்குத் துலக்கமாகத் தெரிகிறது.

அந்த நூற்பாவையும் சொல்லிவிடுகிறேன். "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே." அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆள்பவர். உடோல்ஃபோவைப் படித்துக்கொண்டிருந்தபோது இந்த வரி என்னை விட்டுப் போகவே இல்லை. அந்தக் கோட்டையில் பேய் இருப்பதாகப் பேச்சு. கொள்ளையர் கூட்டம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே மொன்டோனி, வீட்டை ஆள்பவன். நான்கில் மூன்று. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மனிதர் எதற்கு அஞ்சுகிறார் என்று உட்கார்ந்து எண்ணிய இருவர், இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு இவ்வளவு அருகில் வந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வியப்பு.

மாடவிளக்கு

ஐயா, 'தம் இறை' என்பதை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. மிக்க நன்றி.

புறவாசல், உங்களுக்கு உடோல்ஃபோவின் கறுப்புத் திரையை வைத்துப் பதில் சொல்கிறேன். (நாவலைப் படிக்கப் போகிறவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிவிடுங்கள்.)

கதைநாயகி எமிலி ஓர் அறைக்குள் போகிறாள். சுவரில் ஏதோ ஒன்று கறுப்புத் திரையால் மூடியிருக்கிறது. படமாக இருக்கும் என்று நினைத்துத் திரையைத் தூக்குகிறாள். படம் இல்லை. மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்று ராட்கிளிஃப் சொல்லவில்லை. அடுத்த பக்கத்திலும் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் போகின்றன, நாவல் முடியும் தறுவாயில்தான் நமக்குத் தெரிகிறது: அழுகிய பிணம்போல் மெழுகில் செய்துவைத்த உருவம், அந்தக் குடும்பத்து முன்னோர் ஒருவருக்குப் பாவப் பரிகாரமாக விதிக்கப்பட்டது. பலருக்கு இந்த விளக்கம் ஏமாற்றம் தருகிறது. எனக்குத் தரவில்லை. அந்த வீட்டில் பிறந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மெழுகைக் காவல் காத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஈவ் கொசோஃப்ஸ்கி செட்ஜ்விக்கின் ஆய்வு எனக்குக் கண்ணைத் திறந்தது. 1980இல் நூலாக வந்தது. நாம் எல்லோரும் திரைக்குப் பின்னால் என்ன, அடியில் என்ன, ஆழத்தில் என்ன என்றே தேடுகிறோம், கோதிக் நாவலோ மேற்பரப்பிலேயே வேலை செய்கிறது என்கிறார். அதாவது திரையே விஷயம். நீங்கள் எந்தச் சாவியை வெறுக்கிறீர்களோ, அதை இந்தத் துறைக்குள்ளேயே இருந்துகொண்டு கேள்வி கேட்டவர் அவர். உங்கள் கை நடுங்கியதற்கு அவரிடம் இடம் இருக்கிறது.

கத்தரிவெயில்

தொலைக்காட்சி பற்றி எப்போது பேசுவீர்கள்? அதற்காகத்தான் வந்தேன்.

அமெரிக்காவில் 1966இலிருந்து 1971வரை 'டார்க் ஷேடோஸ்' என்று ஒரு பகல்நேர நெடுந்தொடர் ஓடியது. 1225 பகுதிகள். ஓர் இளம்பெண் வேலைக்காகப் பழைய மாளிகைக்கு ரயிலில் வருவதில் தொடங்கியது, அதாவது 'ஜேன் ஐர்' நாவலின் வழி. பார்வையாளர்கள் குறைந்துகொண்டே போனதால் ஏறத்தாழ ஓராண்டு கழித்து 1967இல் பார்னபஸ் காலின்ஸ் என்ற ரத்தக்காட்டேரியை உள்ளே கொண்டுவந்தார்கள். சில வாரங்களுக்கு என்று வந்தவர் தொடரின் நாயகன் ஆகிவிட்டார். பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஓடிவந்து பார்த்தார்களாம். காசுக்கு ஒரு பகுதியாக 1840களில் லண்டனில் விற்ற 'வார்னி' என்ற ரத்தக்காட்டேரிக் கதை வேறு எப்படி ஓடியது? தொடர்கதைக்கும் சாகாத பிரபுவுக்கும் நல்ல பொருத்தம். அவருக்கும் முடிவு கிடையாது, அதற்கும் கிடையாது.

ஈரச்சாலை

இந்தத் தளத்தில் பல வருடமாக வாசிக்க மட்டும் வருகிறேன். இன்று எழுதாமல் போக முடியவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து 1988இல் லண்டன் வந்தோம். மேற்குப் புறத்தில் ஹாரோவில் ஒரு சிறிய மாடிவீடு. 31 அக்டோபர் 1992, சனிக்கிழமை. எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா இரவு வேலைக்குப் போயிருந்தார். அப்பா, அக்கா, நான். இரவு ஒன்பதரைக்குச் சற்று முன்னே பி.பி.சி. முதல் அலைவரிசையில் 'கோஸ்ட்வாட்ச்' தொடங்கியது. நார்த்தோல்டில் ஒரு வீட்டில் ஆவி நடமாட்டம், அங்கிருந்து நேரலை என்றார்கள். நார்த்தோல்ட் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம். அந்தத் தெருவைப் போலத்தான் எங்கள் தெருவும் இருந்தது. அதே செங்கல், அதே மூடிய சிறு வாசல்.

அது நேரலை இல்லை. ஸ்டீவன் வோல்க் எழுதி, லெஸ்லி மானிங் இயக்கிய நாடகம், முன்பே படம் பிடித்து முடித்தது. தொடக்கத்தில் எழுதியவர் பெயரும் வந்தது. ஆனால் அரங்கில் அமர்ந்திருந்தவர் நாடறிந்த பேட்டியாளர் மைக்கேல் பார்க்கின்சன், அவராகவே. அந்த வீட்டுக்குள் போனவர் சாரா கிரீன், சனிக்கிழமை காலைகளில் எங்களோடு பேசுகிற அதே சாரா கிரீன். தொலைபேசிகளின் அருகில் அவருடைய கணவர் மைக் ஸ்மித். "இவர்கள் ஏன் பொய் சொல்லப் போகிறார்கள்?" என்றாள் அக்கா.

இரவில் சுவரில் தட்டும் சத்தம் கேட்டபோது, அது தண்ணீர்க் குழாய்தான், பைப்தான் என்று அந்த வீட்டுத் தாய் பிள்ளைகளைச் சமாதானப்படுத்தியிருக்கிறாள். அதனால் பிள்ளைகள் அந்த ஆவிக்கு வைத்த பெயரே 'பைப்ஸ்'. எங்கள் வீட்டிலும் வெந்நீர்க் குழாய்கள் இரவில் தட்டும். குளிர்ந்து சுருங்குவதால் வரும் சத்தம். வந்த புதிதில் நான் பயந்தபோது அப்பா சொன்னதும் அதே வார்த்தை: "பயப்படாதே, பைப்தான்."

படுக்கையறையில் முன்பு எடுத்த காட்சி ஒன்றைக் காட்டுவார்கள். திரைச்சீலையின் அருகில் ஓர் உருவம் தெரிந்ததாக நேயர்கள் தொலைபேசியில் சொல்கிறார்கள். அரங்கில் மறுபடி ஓட்டிப் பார்க்கிறார்கள். முதலில் பார்த்தது போலவே இல்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் காட்டிய எண்ணுக்கு அக்கா போன் செய்தாள். அது பி.பி.சி.யின் உண்மையான எண். பேசக் கிடைத்தவர்களிடம் இது கதை என்று முதலில் சொல்வதற்கு ஏற்பாடு இருந்ததாகப் பின்னாளில் படித்தேன். எங்களுக்கு இணைப்புக் கிடைக்கவே இல்லை.

கடைசியில் சாரா கிரீன் மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறைக்குள் போகிறார், கதவு சாத்திக்கொள்கிறது. இந்த ஒளிபரப்பே நாடு முழுவதையும் சேர்த்துக்கொண்ட ஓர் ஆவி அழைப்பாகிவிட்டது என்கிறார் அரங்கில் இருக்கும் ஆய்வாளர். பார்க்கிற ஒவ்வொரு வீட்டிலும் அது நுழைந்துவிட்டதாம். எங்கள் வீட்டிலும் மாடிப்படிக்குக் கீழே அறை இருந்தது. மீட்டர் பெட்டியும் அரிசி மூட்டையும் அங்கேதான். அடுத்த சில மாதங்களுக்கு அம்மா அரிசி எடுக்கச் சொன்னால் அக்காவும் நானும் சேர்ந்துதான் போவோம்.

1994இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், இந்த நிகழ்ச்சியைப் பார்த்துப் பாதிக்கப்பட்ட இரண்டு பத்து வயதுச் சிறுவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். விடிந்ததும் மறந்தோம் என்று சொன்னாரே ஒரு பெரியவர், அவருக்கு இதைச் சொல்லுங்கள்.

கத்தரிவெயில்

இப்போது பார்க்கக் கிடைக்கிறதா?

ஈரச்சாலை

பி.பி.சி. அதை மறுபடி ஒளிபரப்பவில்லை. 2002இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் வெளியிட்டது. நான் அதை வாங்கி வைத்திருக்கிறேன். அக்கா இன்னும் பார்க்க மறுக்கிறாள்.

மாடவிளக்கு

ஈரச்சாலை அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் மூன்றாம் இயலே இதுதான், ஆனால் அரிசி மூட்டையை நான் எந்த நூலிலும் படித்திருக்க முடியாது.

ஹெலன் வீட்லி 2006இல் 'கோதிக் தொலைக்காட்சி' என்ற நூலை எழுதினார். கோதிக் கதைக்குத் தொலைக்காட்சியைப்போல் பொருந்தும் ஊடகம் வேறில்லை என்பது அவர் வாதம். சினிமாவுக்கு நாம் வெளியே போகிறோம், பயந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். தொலைக்காட்சியில் பயந்தால் எங்கே திரும்புவது? வீட்டைப் பற்றிய கதை, வீட்டுக்குள் இருக்கும் பெட்டியில், வீட்டார் கூடியிருக்கும்போது ஓடுகிறது. பேய்க்கதை எழுத்தாளர் எம்.ஆர். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜில் கிறிஸ்துமஸ் சமயத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நண்பர்களுக்குப் பேய்க்கதை வாசித்துக் காட்டுவார். பி.பி.சி. 1971இலிருந்து 1978வரை ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு ஒரு பேய்க்கதை ஒளிபரப்பியபோது, பெரும்பாலும் அவர் கதைகளைத்தான் எடுத்தது. அந்த மெழுகுவத்திக் கூட்டம் பெட்டிக்கு முன்னால் மறுபடி கூடியது.

பிராய்ட் 1919இல் எழுதிய கட்டுரையும் இங்கே வந்துவிடுகிறது. ஜெர்மனில் 'ஹைம்லிஷ்' என்றால் வீட்டுக்குரியது, பழகியது. அதே சொல்லுக்கு மறைவானது, பிறர் கண்ணில் படாதது என்ற பொருளும் உண்டு. பொருள் நகர்ந்து நகர்ந்து கடைசியில் தன் எதிர்ச்சொல்லான 'உன்ஹைம்லிஷ்' மேலேயே போய் முட்டுகிறது என்று அகராதிகளைப் பக்கம் பக்கமாக எடுத்துக் காட்டுகிறார். பழகியதே அந்நியமாகும்போது வரும் கிலி. 'பைப்தான்' என்ற சமாதானம் 'பைப்ஸ்' என்ற பெயராக மாறியதற்கு இதைவிட நெருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஏட்டுச்சுவடி

அம்மா, நமக்கு 'அகம்' இருக்கிறது. வீடும் அகம், உள்ளமும் அகம், பிறருக்குப் புலப்படுத்த முடியாததும் அகம். பிராய்டுக்கு இரண்டு அகராதி தேவைப்பட்டது நமக்கு ஒரே சொல்லில் அடங்குகிறது.

ஆனால் ஒரு வேறுபாட்டையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம் அகம் தன் எதிர்ப்பொருளாகத் திரும்புவதில்லை. அதற்குப் புறம் என்று தனிச் சொல் காத்திருக்கிறது. ஆகவே உங்கள் ஆய்வில் 'உன்ஹைம்லிஷ்' என்பதற்கு நேர்த்தமிழ் தேட வேண்டாம், 'வீடே அயலாதல்' என்று விரித்தே எழுதுங்கள். ஒரு சொல்லில் சுருக்கினால் பொருள் கசிந்துவிடும்.

புறவாசல்

ஈரச்சாலை எழுதியது என்னைப் பாதி மாற்றிவிட்டது. மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

2018இல் வந்த 'ஹில் ஹவுஸ்' தொடரில் பின்னணி இருட்டில், கதவிடுக்கில், பியானோவுக்கு அடியில் முகங்களை ஒளித்து வைத்திருந்தார்கள். யாரும் சுட்டிக்காட்ட மாட்டார்கள். கண்டவர்கள் கண்டார்கள். உடனே இணையத்தில் பட்டியல் வந்துவிட்டது: எந்தப் பகுதி, எத்தனையாவது நிமிடம், எந்த மூலை. நிறுத்தி, பெரிதாக்கி, வட்டம் போட்டுக் காட்டினார்கள். நானும் பார்த்தேன். அன்றோடு அந்தத் தொடர் எனக்குச் செத்துப்போனது. ஈரச்சாலையின் அக்காவுக்கு நிறுத்தும் பொத்தான் இல்லை, இணைப்பும் கிடைக்கவில்லை. அதனால்தான் இன்றும் அவர் பயப்படுகிறார். ஆராய்ச்சி என்பது அந்தப் பொத்தானை அழுத்துவதுதான் என்பது இன்னும் என் எண்ணம்.

மாடவிளக்கு

பட்டியல் போடுவது வேறு, ஆராய்வது வேறு என்று நினைக்கிறேன். ஆனால் வாதாடி உங்களை வெல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும். உடோல்ஃபோவில் பேய் வரும் இடங்களை விட்டுவிடுங்கள். மொன்டோனி தன் மனைவியிடமும் பிறகு எமிலியிடமும் கையெழுத்துக் கேட்கும் அத்தியாயங்களை மட்டும் படியுங்கள். எந்த விமர்சகரையும் கூட வைத்துக்கொள்ள வேண்டாம். கதை நடப்பது 1584இல். ஆனால் எழுதப்பட்ட 1794இல் இங்கிலாந்தில் மணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவன் கைக்குப் போய்விடும். அந்த நிலை மாற 1870, 1882 சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லன் மோயர்ஸ் 1976இல் 'பெண் கோதிக்' என்று பெயர் வைத்த மரபு இங்கேதான் வேர் பிடிக்கிறது. இதையெல்லாம் பிறகு பேசலாம். முதலில் படியுங்கள்.

புறவாசல்

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். படித்தேன். சொன்ன இடத்தோடு நிறுத்த முடியவில்லை, முதலிலிருந்தே படித்தேன்.

மொன்டோனியின் மனைவி தன் நிலங்களை எழுதிக்கொடுக்க மறுக்கிறாள். கோபுர அறையில் அடைத்துவைக்கிறான். கையெழுத்துப் போடாமலே நோயில் சாகிறாள். சொத்து எமிலிக்கு வருகிறது. அடுத்து அவளைக் கூப்பிட்டு, இதெல்லாம் உனக்குப் புரியாது, போடு என்கிறான். அவள் சட்டம் தெரியாதவள் இல்லை. நிலம் என்னுடையது, என் கை என் உரிமையை ஒருபோதும் காட்டிக்கொடுக்காது என்கிறாள். 'என் கை' என்கிறாள்.

என் பாட்டிக்கு எழுதத் தெரியாது. தாத்தா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை, உள்ளறையில் அவரை உட்காரவைத்து ஒரு தாளை நீட்டினார்கள். எனக்கு ஏழு வயது, கதவோரம் நின்றிருந்தேன். ஒருவர் பாட்டியின் இடது கைப் பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தி, தாளில் வைத்து, இப்படியும் அப்படியும் உருட்டினார். பாட்டி தாளைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார். பிறகு அதை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். மை போகவில்லை.

இருபத்தெட்டு வருடமாக இதை நான் நினைத்ததே இல்லை. எமிலியின் பதில் வந்த பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தேன். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

கறுப்புத் திரை விளக்கத்தைத் தாண்டிப் போகச் சொன்னீர்கள், மேலே அந்தப் பதிவை நான் முழுதும் படித்துவிட்டேன். இருந்தாலும் நாலாம் பாகத்தை இன்று இரவு தொடங்குகிறேன்.